கோட்டம் எடுக்கும்வரை

“சுருட்டுச் சுத்துறவன்ரை பெட்டை இங்கிலீசுப் புத்தகம் வாசிக்குமோ? நல்ல கதை!”

இப்படிச் சொன்னவர் ஓய்வுபெற்ற ஒரு கிளாக்கர். கொக்குவிலில் றெயில் பாதையோரம் இருந்த சைக்கிள் கடை வாங்கிலில், திருத்தக் கொடுத்த சைக்கிளுக்காக மூன்றாவது நாளும் வந்து குந்தியிருந்தார். எனக்கு அப்போது பதினேழு வயது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் கையில் அட்டை கிழிந்த ஒரு நீச்சல் புத்தகம் இருந்தது.

கடைக்கார அண்ணை நிமிரவில்லை. தாங்கியில் மாட்டிய சில்லைச் சுற்றிவிட்டு, ஒரு கண்ணை மூடி றிம்மைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவள் வாசிப்பாள். உங்கடை சைக்கிள் நாளைக்குத்தான்.”

“நேற்றும் உதைத்தானே சொன்னாய்?”

“நேற்றும் கோட்டம் போகேல்லை.”

கோட்டம் என்றால் சில்லு சுற்றும்போது இடம்வலமாய் ஆடுகிற ஆட்டம். மற்றக் கடைக்காரர் பிறேக் கட்டையில் முட்டாத அளவுக்கு எடுத்துவிட்டு, சரி போ என்பார்கள். இவருக்கு அது போதாது. றிம்முக்குப் பக்கத்தில் ஒரு கம்பி முனையை மயிரிழை விட்டு நிறுத்துவார். சுற்றுகிற சில்லு அதில் ஒரு இடத்திலாவது உரசினால் முழுவதையும் தளர்த்தி முதலிலிருந்து தொடங்குவார். பெற்றோல் இல்லாத அந்தக் காலத்தில் ஆசுபத்திரிக்கும் கந்தோருக்கும் கலியாணத்துக்கும் சனம் சைக்கிளில்தான் போனது. அவருடைய கடையிலோ ஐந்தாறு சைக்கிள் எப்போதும் சில்லில்லாமல் கவிழ்ந்து கிடக்கும். ஆட்கள் பேசிப்போட்டுப் போவார்கள். திரும்பவும் அவரிடம்தான் வருவார்கள். அவர் திருத்திய சைக்கிளில் ஒருதரம் ஓடினால் மற்றக் கடைக்குப் போக மனம் வராது.

எங்கள் ஒழுங்கையில் ஒரு செத்த வீடு. பறை அடித்தாகிவிட்டது, ஐயரும் வந்துவிட்டார். பந்தல் கால் ஒன்று சரிந்து நிற்கிறதென்று இவர் அதைப் பிடுங்கித் திரும்ப நட்டார். “அண்ணை, பிரேதம் எடுக்கப் போகுது,” என்று யாரோ சொல்ல, “எடுக்கிறதுக்கு முதல் நிமித்திவிடுறன்,” என்றார். அன்றைக்குச் சிரித்தவர்களில் நானும் ஒருத்தி.

நீச்சல் புத்தகம் அவருக்குப் பொழுதுபோக்கு இல்லை. அவருக்கு ஒரே பிள்ளை. ஐந்தரை வயது. அதன் இடக்கண்ணில் பூ விழுந்திருந்தது. எதையும் தலையைச் சரித்து வலக்கண்ணால்தான் பார்க்கும். பெரியாசுபத்திரி டொக்டர் அவருக்கும் அவருடைய மனைவி அக்காவுக்கும் சொன்னதை அக்கா என்னிடம் அப்படியே சொன்னா: “கொழும்புக்குக் கொண்டு போங்கோ. இஞ்சை இப்ப அந்த ஒப்பரேசனுக்கு வசதியில்லை. ஏழு வயசுக்கு முதல் செய்யவேணும். பிந்தினால் பூவை எடுத்தாலும் அந்தக் கண் பாக்கப் பழகாது.”

அப்போது சண்டையால் ஆனையிறவுத் தரைப்பாதை பூட்டியாகிவிட்டது. வெளியே போவதென்றால் இயக்கத்தின் பாஸ் கந்தோரில் பிணை வைத்து அனுமதி எடுத்து, கிளாலிக்குப் போய், படகில் ஏரியைக் கடக்கவேண்டும். இருட்டில்தான் படகு விடுவார்கள். நேவி பார்த்திருந்து சுடும். போய்ச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள், சேராதவர்களும் இருந்தார்கள்.

“படகுக்கு வெடி விழுந்தால் சனம் தண்ணியிலை குதிக்கும்,” என்றார் அண்ணை. “குதிச்சாப் பிறகு ஆர் கரைக்குப் போறது? நீந்தத் தெரிஞ்சவன். எனக்குத் தெரியவேணும். பிள்ளையை ஒரு ரியூப்பிலை வைச்சு இழுத்துக்கொண்டு போகத் தெரியவேணும். அது சரிவந்த உடனை ஏறுவம்.”

“லொறி ரியூப் ஒண்டைக் கொண்டுபோய்ப் பிடிச்சுக்கொண்டு மிதவுங்கோவன்,” என்று அக்கா சொன்னா.

“மிதந்தால் விடியும். விடிஞ்சால் ஹெலி வந்து சுடும்.”

அவர் சொன்னது சரி என்றுதான் அன்றைக்கு எங்களுக்குப் பட்டது. இன்றைக்கும் எனக்கு அப்படித்தான் படுகிறது.

அவருக்குக் கிணற்று நீச்சல் தெரியும். கிணற்றுக் கட்டில் ஏறிக் குதித்து, கையைக் காலை அடித்து மேலே வந்து, கப்பிக் கயிற்றைப் பிடிப்பது. எங்கள் பக்கத்து ஆம்பிளைகளுக்கு அவ்வளவுதான் நீச்சல். அந்தப் புத்தகம் வெளிநாடு போன ஒரு குடும்பம் விட்டுப்போன பழைய கடதாசிக் கட்டில் அவருக்குக் கிடைத்தது. தடாகத்தில் முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து, கையை மாற்றி மாற்றிப் போட்டு நீந்தும் நீச்சலை, சின்னச் சின்னச் சாமான்களை வைத்துத் திருத்துவது எப்படி என்று அதில் படத்தோடு போட்டிருந்தது. களைக்காமல் கனதூரம் போகிற நீச்சல் இதுதான் என்று படத்தைப் பார்த்தே அவர் முடிவெடுத்துவிட்டார். எழுத்தை வாசிக்கத்தான் நான்.

தெரியாத சொல்லுக்குப் பள்ளிக்கூட அகராதியைப் பார்ப்பேன். பார்த்ததை அவருக்குக் காட்டமாட்டேன். நேரே வாசித்துச் சொல்வதுபோலச் சொல்வேன்.

புத்தகத்தில் இருந்த சாமான் ஒன்றும் யாழ்ப்பாணத்தில் இல்லை. ஆனால் எல்லாம் அவருடைய கடையில் இருந்தது. தொடைகளுக்கிடையில் வைக்கும் மிதப்புக்கு, வாயடைத்த இரண்டு பிளாஸ்ரிக் போத்திலை ரியூப் பட்டியால் சேர்த்துக் கட்டினார். கால் தன்பாட்டில் மிதக்க, கையை மட்டும் கவனிக்கலாம். உள்ளங்கையில் மாட்டும் பலகைக்குத் தேய்ந்த றப்பர் செருப்பு. கணுக்கால்களைச் சேர்த்துப் பிடிக்க ஒரு ரியூப் வளையம். ஒரு கை முன்னே நீண்டு காத்திருக்க, மற்றக் கை இழுத்துவிட்டு வந்து அதைத் தொடவேண்டும் என்று ஒரு பயிற்சி. அதற்கு ஒரு தடி தேவை. அவர் காற்றடிக்கிற சைக்கிள் பம்மை எடுத்தார். அஞ்சலோட்டக்காரன் தனக்குத்தானே தடி கொடுப்பதுபோல, இடக்கையிலிருந்து வலக்கைக்கு, வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாற்றி மாற்றி நீந்தினார்.

நீந்தியது கடலில் இல்லை. மாமனாரின் புகையிலைத் தோட்டத்துத் தண்ணித் தொட்டியில். பன்னிரண்டடி நீளம், ஐந்தடி அகலம். அதற்குள் இரண்டு கை போட்டால் சுவரில் இடிக்கும். அதனால் பழைய ரியூப்களை நீளத்துக்கு ஒட்டி, ஒரு நுனியை இடுப்பிலும் மறு நுனியைப் பூவரச மரத்திலும் கட்டினார். எவ்வளவு நீந்தினாலும் அதே இடம். புத்தகத்துப் படத்தில் தடாகத்தின் அடியில் ஒரு கறுப்புக் கோடு போயிற்று. இவரும் தொட்டியை இறைத்துக் காயவிட்டு, அடியில் தாரால் ஒரு கோடு கீறினார். கோடு எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. நூல் பிடித்துக் கீறிய கோடு.

“மருமோன், மாடு குடிக்கிற தண்ணியை ஏன் ராசா கலக்கிறாய்?” என்று மாமனார் துலாவடியில் நின்று கேட்பார். “ஒரு மணித்தியாலமா நீந்துறாய், இன்னும் எங்கடை காணியைத் தாண்டேல்லையே!”

அண்ணையின் முகம் தண்ணீருக்குள் இருக்கும்.

பின்னேரங்களில் நான் தொட்டி விளிம்புக் கட்டில் இருந்து வாசிப்பேன். அக்கா பக்கத்தில் உடுப்புத் தோய்ப்பா. அக்கா இல்லாவிட்டால் அம்மா என்னை அங்கே விட்டிருக்கமாட்டா. “முழங்கை உயரவேணும், அண்ணை. விரல் முதல் நுழையவேணும். தலை அசையக்கூடாது. கண் கீழை கோட்டைப் பாக்கவேணும். தலை உயர்ந்தால் இடுப்புத் தாழும்.” கடைசி வரியை அடிக்கடி வாசித்தேன். அகராதி தேவைப்படாத வரி அது.

நூறு கை போட்டால் மூச்சு முட்டியவர் நாலைந்து மாதத்தில் ஆயிரம் கை போட்டார். அப்போது போயிருக்கலாம். அக்காவும் அப்படித்தான் சொன்னா.

“இன்னும் சரிவரேல்லை,” என்றார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் பிள்ளையை மடியில் இருத்தி, நல்ல கண்ணைக் கையால் பொத்தி, மற்றக் கையை நீட்டி, “எத்தினை விரல்?” என்று கேட்பார்.

“மூண்டு.”

மூன்று விரல்தான் நீட்டியிருப்பார். சந்தோசப்படுவார். நாலைந்து கிழமை பார்த்துக்கொண்டிருந்தபின் எனக்கு விளங்கியது: அவர் எப்போதும் மூன்று விரல்தான் நீட்டுகிறார். ஒருநாள் அவர் உள்ளே போன நேரம் நானும் அப்படியே பொத்தி, விரலே நீட்டாமல் கையை மடித்துக்கொண்டு கேட்டேன்.

“மூண்டு,” என்றது பிள்ளை.

நான் இதை அவரிடம் சொல்லவில்லை. அக்காவிடமும் சொல்லவில்லை.

உடுப்பிட்டியில் அக்காவின் தமக்கை வீடு. பிள்ளைக்கு ஆறு வயது ஆகிச் சில நாளில் எல்லோரும் சைக்கிளில் அங்கே போனோம். பிள்ளை முன் பாரிலும் அக்கா பின் கரியரிலும் இருக்க அண்ணை ஓட்டினார். நான் தனியாக ஓடினேன். அங்கிருந்து தொண்டைமானாற்று நீரேரி கிட்ட. மாரி முடிந்து தண்ணீர் நிறைந்து கிடந்தது. எதிர்க்கரையில் ஒற்றைத் தென்னை ஒன்று நின்றது. அதை நோக்கி நீந்திக் காட்டுவதென்று ஏற்பாடு.

ரியூப் இல்லை, போத்தில் இல்லை, செருப்பு இல்லை. வெறுங்கையோடு இறங்கினார். அந்த நீச்சல் அவ்வளவு வடிவு. முழங்கை உயர்ந்து, விரல் முதல் நுழைந்து, நுரை எழும்பாமல், புத்தகத்துப் படம் எழும்பிப் போவதுபோல இருந்தது. இதை நான் வாசித்துக் கொடுத்தேன் என்று நினைத்தேன்.

ஐம்பது கைவரை நேராய்ப் போனார். பிறகு மெல்ல வலப்பக்கம் சரிந்தார். காற்று என்றா அக்கா. காற்று இல்லை. இன்னும் சரிந்தார். கையின் ஒழுங்கு குலையவேயில்லை. பெரிய வட்டமாகத் திரும்பி, எங்களிடமிருந்து பத்துப் பன்னிரண்டடி தள்ளி, நாங்கள் நின்ற அதே கரையில் வந்து முட்டினார். எழுந்து நின்று தென்னையைத் தேடினார். அவருக்கு முன்னால் அவருடைய சாறம் காய்ந்துகொண்டிருந்தது.

“அப்பா கெதியா வந்திட்டார்!” என்று பிள்ளை கை தட்டியது.

இறால் கூடு வைக்க வந்த ஒருவர் தோணியை நிறுத்திவிட்டு இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். “தம்பி, கீழை மோதிரம் ஏதும் விழுத்தினனியோ? தேடிக்கொண்டெல்லோ வாறாய்!”

அண்ணை மூச்சு வாங்கியபடி நின்றார்.

“பத்துக் கை போட்டால் ஒருக்காத் தலையைத் தூக்கிக் கரையைப் பார். உதுக்கென்ன பெரிய வித்தை? நாங்கள் எல்லாரும் அப்பிடித்தான்.”

அண்ணை என்னைப் பார்த்தார். “புத்தகத்திலை என்ன கிடக்கு, தங்கச்சி?”

“தலை தூக்கக்கூடாது. தூக்கினால் இடுப்புத் தாழும்.”

“உவ ஆர், ரீச்சரோ?” என்றார் தோணிக்காரர்.

“படிக்கிற பிள்ளை,” என்றா அக்கா.

“ஓகோ. கடலும் படிச்சிருக்காவோ?”

அவர் சிரித்ததும் எனக்கு முகம் சுட்டது. பையிலிருந்து புத்தகத்தை எடுத்து, அந்தப் பக்கத்தை விரித்து, ஆங்கிலத்திலேயே உரத்து வாசித்தேன். ஒரு பந்தி முழுவதும். அவருடைய சிரிப்பு நின்றது. மரக்கோலை ஊன்றித் தோணியைத் தள்ளிக்கொண்டு போனார். அன்று நான் வென்றேன்.

அது தடாகத்துக்கு எழுதிய புத்தகம். அடியில் கோடு கீறிய தண்ணீருக்கு எழுதியது. ஏரியின் அடியில் யார் கோடு கீறினார்கள்? இது எனக்கு அன்று இரவே விளங்கிவிட்டது. விடிந்தும் நான் வாய் திறக்கவில்லை.

திரும்பி வரும் வழியில், நெல்லியடிச் சந்தியில் தண்ணீர் குடிக்க நின்றபோது அண்ணை சொன்னார்: “கோட்டம் கையிலைதான் கிடக்கு. வலக்கை கூட இழுக்குதோ, இடக்கை கூட இழுக்குதோ தெரியாது. தலையைத் தூக்கிப் பாத்துப் போறது, கோட்டச் சில்லைப் பிறேக்கைத் தளர்த்தி ஓட்டுற மாதிரி. கோட்டத்தை எடுப்பம்.”

அடுத்து வந்த மாதங்களில் அவர் செய்தது ஒரு புத்தகத்திலும் இல்லை. தொட்டிக்கு மேலே நீளத்துக்கு இரண்டு நூல் கட்டி, நூலில் வரிசையாகச் சைக்கிள் கம்பிகளைத் தொங்கவிட்டார். கை உள்ளே குறுக்கிட்டாலோ வெளியே அகன்றாலோ கம்பியில் பட்டுக் கிணுங்கும். கிணுங்கினால் நிறுத்தி முதலிலிருந்து. ஒரு கையில் மட்டும் செருப்பு. பிறகு மற்றக் கையில் மட்டும். பிறகு தாய்ச்சீலைத் துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டு. தோட்டத்துக்குள் நுழையும்போதே கிணுக் கிணுக் என்று கேட்கும். கேட்காத நாள் வரவேண்டும் என்று எல்லோரும் காத்திருந்தோம்.

அந்த இடைக்குள் அக்காவின் தமையன் குடும்பம் மூன்று பிள்ளைகளோடு கிளாலியால் வவுனியாவுக்குப் போய்ச் சேர்ந்து கடிதம் போட்டது. ஐந்து பேரில் ஒருவருக்கும் நீந்தத் தெரியாது.

“என்ரை அண்ணையவை போய்ச் சேந்திட்டினம்,” என்றா அக்கா, கடிதத்தை நீட்டி.

“அது அவையின்ரை அதிட்டம்.”

“பிள்ளைக்கு ஏழு வருகுது.”

“எனக்கு அது தெரியாதோ?”

இரண்டு கிழமையில் ஒரு படகுக்கு வெடி விழுந்தது. கொக்குவிலிலும் ஒரு வீட்டில் பந்தல் போட்டார்கள். அண்ணை அங்கே போய் வந்து, சேட்டைக் கழற்றிக்கொண்டே, “பாத்தியே?” என்றார். அக்கா உலைக்கு அரிசி போட்டா. அவர் சொன்னது பிழையில்லை. அக்கா சொன்னதும் பிழையில்லை. பிள்ளை மட்டும் வளர்ந்துகொண்டிருந்தது.

பிள்ளைக்கு ஏழு வயதாகி ஒரு மாதம் கழித்து, கம்பி கிணுங்காத நாள் வந்தது. திரும்பவும் உடுப்பிட்டிக்குப் போனோம். திரும்பவும் அதே தென்னை. அண்ணை ஒருதரமும் தலை தூக்காமல், கோடு கீறியதுபோலப் போய்த் தென்னையடியில் ஏறினார். அக்கரையில் நின்று எங்களுக்குக் கை காட்டினார். அக்கா கை காட்டவில்லை. பிள்ளையின் தலைமயிரைக் கோதிக்கொண்டு நின்றா.

அடுத்த கிளினிக்கில் டொக்டர் இடக்கண்ணைக் கனநேரம் பார்க்கவில்லை. “உதுக்கு இனிப் போய்ப் பிரயோசனமில்லை,” என்றார். வலக்கண்ணைத்தான் திரும்பத் திரும்ப வெளிச்சம் அடித்துப் பார்த்தார். அதிலும் மெல்லிசாய் ஒரு புகை தொடங்கியிருந்தது. “இதையாவது விடாதேங்கோ. சுணக்கவேண்டாம்.”

ஆசுபத்திரி வாசலில் அக்கா அழுதா. அண்ணை சைக்கிள் பூட்டைத் திறந்துகொண்டே சொன்னார்: “நீச்சல் இப்ப நேராய் வருகுது. ஆனால் பிள்ளையின்ரை பாரத்துக்கு ஒரு கல்லை ரியூப்பிலை வைச்சு இழுத்துப் பாத்தனான். திரும்பவும் வலப்பக்கம் சரியுது. அதையும் எடுத்துப்போட்டால் போகலாம்.”

அன்று பின்னேரமே தோட்டத்திலிருந்து திரும்பவும் கிணுக் கிணுக் என்று கேட்டது.

அவரைப் பற்றிக் கொக்குவிலில் கேட்டால் நல்லதுதான் சொல்வார்கள். ஒருவரையும் ஏமாற்றாத மனிதன், கைவேலைக்காரன், பிள்ளைக்காக உயிரை விடுகிறவன். எல்லாம் உண்மை. அவரைப்போல ஒரு பிள்ளையை நேசித்த தகப்பனை நான் கண்டதில்லை. அந்த நேசமே அந்தப் பிள்ளையைத் தொட்டிக் கட்டில் இருத்தி வைத்திருந்தது. நானும் பக்கத்தில் இருந்து வாசித்துக்கொண்டிருந்தேன்.

போன மாதம் எனக்குக் கண்டிப் பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்ததாகக் கடிதம் வந்தது. மூன்றாம் நாள் மத்தியானம் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தா. கதிரையைக் காட்டியும் இருக்கவில்லை.

“நீ கிளாலியாலைதானே போவாய்?”

“ஓம் அக்கா.”

“உனக்கு நீந்தத் தெரியுமோ?”

“தெரியாது.”

“நல்லது,” என்றா. மடியிலிருந்து பிள்ளையின் பிறப்புச் சான்றிதழையும் டொக்டரின் துண்டையும் எடுத்து என் கையில் வைத்தா. “வவுனியாவிலை என்ரை தமையன் வந்து நிப்பார், கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போக. அதுவரைக்கும் பிள்ளையைக் கொண்டுபோய் விடு.”

“அண்ணைக்குச் சொன்னீங்களோ?”

“சொன்னால் பொறு எண்டுவார்.”

நேற்றுப் பின்னேரம் நான் தோட்டத்துக்குப் போனேன். ஒன்றரை வருடத்தில் புத்தகம் இல்லாமல் போனது அதுதான் முதல் தடவை. அண்ணை நிறுத்தி, தொட்டிக் கட்டில் முழங்கையை ஊன்றினார். கண்கள் சிவந்திருந்தன. கட்டியிருந்த ரியூப் இடுப்பில் தோலை உரித்திருந்தது.

“அண்ணை, நான் போறன். பிள்ளையையும் கொண்டுபோறன்.”

“எப்ப?”

“வாற வியாழன்.”

அவர் மரத்தையும் கயிற்றையும் கல்லையும் பார்த்தார். மனதுக்குள் நாளை எண்ணுகிறார் என்று தெரிந்தது.

“வியாழனுக்குள்ளை முடியாது, தங்கச்சி.”

“பாஸ் கந்தோரிலை காலமை படிவம் குடுத்திட்டன், அண்ணை. பிணைக்கு அப்பா பெருவிரல் வைச்சவர். ரெண்டு பேருக்குத்தான் எழுதினனான்.”